கரிசல் காட்டில் ஒரு துபாய் வீடு

இதை எழுதினா ஊர்ல நாலு வீட்டுல என்கூடப் பேச மாட்டாங்க. அதுல ரெண்டு வீட்டுல ஏற்கனவே பேசுறதில்லை, அதனால நஷ்டம் கொஞ்சம்தான் :-)

சொல்ல வந்ததை முதல்லயே சொல்லிடுறேன். வெளிநாட்டுல சம்பாதிச்சு ஊர்ல வீடு கட்டுற நம்ம சனங்க, போட்டோவுல தெரியுற இடத்துக்கெல்லாம் காசைக் கொட்டுறாங்க. மண்ணுக்குள்ள போற இடத்துல மட்டும் கையை இறுக்கிப் பிடிக்கிறாங்க. வேற மண்ணா இருந்தா எப்படியோ தப்பிச்சுக்கலாம். கரிசல்ல முடியாது.

நமக்கு ஊர் கயத்தாறு. மதுரையில இருந்து திருநெல்வேலி போற நாலு வழிச்சாலையில கோவில்பட்டியைத் தாண்டினதும் வரும். கட்டபொம்மனை 1799 அக்டோபர் 16-ல தூக்குல போட்ட ஊர்னு சொன்னா எல்லாருக்கும் தெரியும். எங்களுக்கும் கோவில்பட்டிக்கும் நடுவுலதான் கி.ரா.வும் கு.அழகிரிசாமியும் பிறந்த இடைசெவல். ஆணி புடுங்குறது ஷார்ஜாவுல, ஒரு கட்டுமானக் கம்பெனியில. கட்டுற வேலை இல்லை, கட்டினா எவ்வளவு ஆகும்னு கணக்குப் போடுற வேலை. அதனாலயே ஊர்ல எவன் வீடு ஆரம்பிச்சாலும் எஸ்டிமேட் காகிதம் எனக்கு வாட்ஸப்ல வந்துரும். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "அண்ணாச்சி, ஒரு பார்வை பாத்துச் சொல்லுங்க." பதினாறு வருஷமா பாத்துக்கிட்டு இருக்கேன்.

கடைசியா வந்தது, தோஹாவுல ஏசி மெக்கானிக்கா இருக்கிற ஒரு தம்பியோடது. 1,800 சதுர அடி, மெட்டீரியலோட சதுர அடி 2,300 ரூபாய், ஆக மொத்தம் 41 லட்சத்து 40 ஆயிரம். இது வரைக்கும் அவனுக்கு மனப்பாடம். ஆனா அந்தக் காகிதத்துக்குக் கீழ பொடி எழுத்துல இருக்கிறதை அவன் படிக்கலை. யாரும் படிக்க மாட்டாங்க. காம்பவுண்டு சுவர் தனி. சம்ப், செப்டிக் டேங்க் தனி. போர் தனி, கரண்டு இணைப்பு தனி, பிளான் அப்ரூவல் தனி. முகப்பு எலிவேஷன் வேலை 3,60,000. எவர்சில்வர் கேட்டு 95,000. போர்டிகோ தூணுக்கு கிரானைட். எல்லாத்தையும் நான் கூட்டிப் பாத்தா 56 லட்சத்துல வந்து நிக்குது. இன்னும் பால் காய்ச்சுற செலவு, சொந்தக்காரங்களுக்கு வேட்டி சேலை எதுவும் சேர்க்கலை.

சரி, வீடுன்னா அப்படித்தான், எஸ்டிமேட்டைத் தாண்டாத வீட்டை எவன் கட்டினான்? என்னை உறுத்தினது அது இல்லை. அந்த 41 லட்சத்துக்குள்ள அஸ்திவாரத்துக்குன்னு இருந்த தொகைதான். நாலு அடி வானம் தோண்டி, கருங்கல் கட்டுமானம், மேல ஒரு பெல்ட் பீம். எல்லாம் சேர்த்து 2,10,000. அதாவது வீட்டைத் தாங்கப் போறதுக்கு ரெண்டே கால் கூட இல்லை. தெருவுல போறவன் பார்த்துட்டுப் போற எலிவேஷனுக்கு மூணரைக்கு மேல.

கரிசல் மண்ணைப் பத்தித் தெரியாதவங்களுக்குக் கொஞ்சம் விளக்கணும். சித்திரை, வைகாசியில எங்க காட்டுப் பக்கம் வந்தீங்கன்னா (எங்க ஊர்ல காடுன்னா வயக்காடுதான், மரம் இருக்கிற காடு இல்லை) தரை முழுக்கப் பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கும். கையை விட்டா முழங்கை வரைக்கும் போகும். ஐப்பசியில நாலு மழை விழட்டும், அத்தனை வெடிப்பும் மூடி, மண்ணு உப்பி மேல எழும்பும். மான்ட்மோரில்லோனைட்னு ஒரு களிமண் தாது இதுல ஜாஸ்தி. தண்ணியைக் குடிச்சா வீங்கும், காய்ஞ்சா சுருங்கும். ஈரத்தை அப்படிப் பிடிச்சு வச்சுக்கிறதாலதான் மானாவாரியில பருத்தியும் கம்பும் உளுந்தும் வருது. பருத்திக்காரனுக்கு அதால சோறு. வீட்டுக்காரனுக்கு அதே மண்ணால சுவர்ல விரிசல்.

விரிசல் எப்படி வருதுன்னா, வீட்டுக்கு நடுவுல இருக்கிற மண்ணு வெயில் படாம ஈரமாவே இருக்கும். சுத்துச் சுவருக்கு அடியில இருக்கிற மண்ணு ஒவ்வொரு கோடையிலயும் காய்ஞ்சு இறங்கும், ஒவ்வொரு ஐப்பசியிலயும் ஊதி ஏறும். வருஷம் ஒரு தடவை வீட்டோட நாலு மூலையையும் பிடிச்சு யாரோ ஆட்டுற மாதிரி. முதல்ல ஜன்னல் மூலையில இருந்து சாய்வா ஒரு கோடு கிளம்பும். மேஸ்திரி வந்து "பூச்சு விரிசல்தான் அண்ணாச்சி, பட்டி பாத்துட்டாச் சரியாப் போயிரும்"பார். பட்டி பாத்து, பெயிண்ட் அடிச்சு, அடுத்த வருஷம் அதே இடத்துல அதே கோடு. இன்னொரு விசயம், கனமான கட்டிடத்தை விட லேசான வீடுகளைத்தான் இந்த மண்ணு சுலபமா தூக்கும். தரைத்தளம் மட்டும் இருக்கிற நம்ம ஊர் வீடுகளுக்குத்தான் ஆபத்து ஜாஸ்தி. "ஒரே மாடிதானே, இதுக்கெதுக்கு இவ்வளவு அஸ்திவாரம்"னு கேக்குறது அப்படியே தலைகீழ்.

இதுக்கு மருந்து ஒண்ணும் புதுசு இல்லை. ரூர்க்கியில இருக்கிற மத்தியக் கட்டிட ஆராய்ச்சி நிலையம் 1950-களிலேயே இந்த மண்ணுக்குன்னே ஒரு அஸ்திவாரத்தை உருவாக்கிடுச்சு. அண்டர் ரீம்டு பைல்னு பேர். ஆழமா ஒரு துளை போட்டு, அதோட அடியில குடை விரிச்ச மாதிரி அகலப்படுத்தி, கம்பி இறக்கி கான்கிரீட் ஊத்துறது. அந்தக் குடையோட விட்டம் துளையோட விட்டத்தைப் போல ரெண்டரை மடங்கு. கரிசல்ல ஏறக்குறைய மூணரை மீட்டருக்குக் கீழ வெயிலும் மழையும் மண்ணைப் பெருசா அசைக்கிறதில்லை. அந்த ஆழத்துல கால் ஊன்றி நிக்கிறதுதான் இதோட சூட்சுமம். பைல் தலைகளை இணைக்கிற பீமைக் கூட மண்ணு மேல படாம எட்டு சென்டிமீட்டர் போல இடைவெளி விட்டுப் போடணும். ஊதுற மண்ணுக்கு ஊத இடம் வேணுமே. ஐ.எஸ். 2911, மூணாம் பாகத்துல எல்லாம் இருக்கு. பெரிய மிஷின்கூட வேண்டாம், கையால திருகுற ஆகர் போதும்.

அந்தத் தம்பியோட வீட்டுக்கு நான் போட்ட கணக்குல 22 பைல், பீமோட சேர்த்து 4,60,000. ஏற்கனவே இருக்கிற ரெண்டு லட்சத்துப் பத்தைக் கழிச்சா கூடுதலா ரெண்டரை லட்சம். எலிவேஷனை விட்டுட்டாப் போதும், இந்தக் காசு வந்தது போக ஒரு லட்சத்துக்கு மேல மிச்சம்!

எல்லா இடத்துக்கும் இது வேணும்னு சொல்லலை. சில மனையில அஞ்சு அடியிலேயே சுக்கானோ பாறையோ வந்துரும், அதுல உக்கார வச்சுட்டு நிம்மதியா இருக்கலாம். எங்க அப்பா கட்டின ஓட்டு வீடு அப்படித்தான் நிக்குது. சுக்கான் தட்டுற வரைக்கும் தோண்டி, ஆத்து மணலைக் கொட்டி, தண்ணி விட்டு இடிச்சு, அப்புறம்தான் கல்லு வச்சாங்களாம். அவர் இன்ஜினியர்கிட்ட போகலை, மண்ணோட குணம் தெரிஞ்ச கொத்தனார்கிட்ட போனார். நான் புதுசா வீடு கட்டலை, அந்த வீட்டைத்தான் மராமத்து பார்த்து வச்சிருக்கேன். தங்கமணிக்கு அதுல வருத்தம் உண்டு, அது தனிக் கதை.

ஆனா அடியில என்ன இருக்குன்னு பார்க்காம எப்படித் தெரியும்? பார்க்க மாட்டேங்குறாங்க. வாஸ்து பார்க்க ஆள் வருது, நீரோட்டம் பார்க்க தேங்காயோட ஆள் வருது, மண்ணைப் பார்க்க மட்டும் யாரும் வர்றதில்லை. நான் விசாரிச்ச வரைக்கும் துளை போட்டு மண் பரிசோதனை பண்ண இருபதாயிரம் பக்கம் ஆகும். அதுவும் வேண்டாம்னா ஒரு சின்னச் சோதனை இருக்கு, எந்த பாலிடெக்னிக் லேப்லயும் பண்ணித் தருவாங்க. காய வச்சுச் சலிச்ச மண்ணு பத்துப் பத்து கிராம், ரெண்டு கண்ணாடி ஜாடி. ஒண்ணுல தண்ணி, இன்னொண்ணுல மண்ணெண்ணெய். ஒரு நாள் அப்படியே விடணும். மண்ணெண்ணெயில மண்ணு ஊதாது, தண்ணியில ஊதும். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் பாதிக்கு மேல போச்சுன்னா உஷாராகணும். இதுக்கு ஆகுற செலவு, கேட்டுக்கு வாங்குற பூட்டு விலை கூட வராது.

இதெல்லாம் தெரிஞ்ச நல்ல இன்ஜினியர்கள் கோவில்பட்டியிலயும் இருக்காங்க, திருநெல்வேலியிலயும் இருக்காங்க. பின்ன ஏன் நடக்க மாட்டேங்குது?

காரணம், காசு குடுக்குறவன் அங்க இல்லை. அவன் பார்க்கிறது போன்ல வர்ற போட்டோ மட்டும்தான். வானம் தோண்டினதுக்கு ஒரே ஒரு போட்டோ வரும். அதுல குழி ஆழம் நாலு அடியா மூணு அடியான்னு யாராலயும் சொல்ல முடியாது, டேப்பைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற ஆள் அந்தப் போட்டோவுல இருக்கவே மாட்டார். நிலை வைக்கிறதுக்கு பத்து போட்டோ. சென்ட்ரிங் போட்டதுக்கு வீடியோ. எலிவேஷன் முடிஞ்சதும் டிரோன் வச்சுப் படம் எடுத்து, பாட்டுப் போட்டு அனுப்புவாங்க. குழி பேஸ்மட்டம் ஏறினதும் மூடிப் போச்சு, அதைப் பத்தி இனி எவனும் பேசப் போறதில்லை. கான்ட்ராக்டரும் மனுசன்தானே? எதுக்குப் பாராட்டு வருதோ, எதுக்குப் பணம் கேள்வி கேக்காம வருதோ, அதைத்தான் அவரும் நல்லாச் செய்வார். பேஸ்மட்டம் முடிஞ்சாத்தான் அடுத்த தவணைன்னு அக்ரிமெண்டுல போட்டிருந்தா, பேஸ்மட்டத்தை எவ்வளவு சீக்கிரம் முடிக்கலாம்னுதான் அவர் யோசிப்பார். முக்கால்வாசிப் பேரை நான் திருடன்னு சொல்ல மாட்டேன். மேற்பார்வை இல்லாத வேலை எந்தப் பக்கம் சாயுமோ அந்தப் பக்கம் சாயுது, அவ்வளவுதான்.

தண்ணி ஊத்துறதும் இதே கதை. கான்கிரீட்டுக்கு குறைஞ்சது ஏழு நாள், இப்போ எல்லாரும் வாங்குற பிபிசி சிமெண்டா இருந்தா பத்து நாள், ஈரம் காயாம வச்சிருக்கணும். பதினாலு நாள் வச்சா இன்னும் நல்லது. கயத்தாறுல காத்து எப்படி அடிக்கும்னு தெரியுமில்லையா, காற்றாலையைச் சோதிச்சுப் பார்க்க மத்திய அரசு நிறுவனமே எங்க ஊர்ல ஒரு நிலையம் போட்டிருக்கு. செங்கோட்டைக் கணவாய் வழியா வர்ற ஆடிக் காத்துல, காலையில போட்ட தளம் மத்தியானத்துக்குள்ள மேல்பரப்பு காய்ஞ்சு முடி மாதிரி வெடிச்சிரும். தண்ணியும் லாரியில வாங்குறது, போர்ல வந்தா பாதி இடத்துல உப்பு. அந்த உப்புத் தண்ணியை கான்கிரீட்ல கலந்தா கம்பி உள்ளேயே துருப் பிடிக்கும். இந்த ஊர்ல, எதிர்ல நின்னு "இன்னொரு தடவை ஊத்துலே"ன்னு சொல்ல ஒரு ஆள் வேணும். பெத்தவங்க எழுபது வயசுல ஏணி ஏறிப் பார்ப்பாங்களா?

இந்த இடத்துல பாஞ்சாலங்குறிச்சி ஞாபகம் வருது. கட்டபொம்மனைத் தூக்குல போட்டு, கோட்டையையும் இடிச்சுத் தரைமட்டமாக்கினாங்க இல்லையா. 1801 பிப்ரவரியில ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையில இருந்து தப்பிச்சு வந்ததும், ஒரு வாரத்துக்குள்ள அதே இடத்துல திரும்ப மண்கோட்டையை எழுப்பிட்டாங்க. மார்ச் 31-ல கும்பினிப் படை வந்து மோதிப் பார்த்துட்டு அடி வாங்கித் திரும்பிப் போச்சு. மே மாசக் கடைசியிலதான் பிடிக்க முடிஞ்சது. ஊரே கூடி நின்னு கட்டினது அது, கூலிக்குக் கட்டினது இல்லை. நம்ம தம்பிகளுக்கு 1,800 சதுர அடி கட்ட மூணு வருஷம் ஆகுது.

சட்டம் சம்பந்தமா ரெண்டு மூணு விசயம், வேகமாச் சொல்லிடுறேன். என்.ஆர்.ஐ.யா இருக்கிற வரைக்கும் இந்தியாவுல வீடு, வீட்டுமனை வாங்கலாம். விவசாய நிலம் வாங்கக் கூடாது. பூர்வீகமா வந்தா வச்சுக்கலாம், அது வேற. நாலு வழிச்சாலை ஓரம் கல்லு ஊனிக் கலர் கொடி கட்டின காட்டை "மனைதான் சார்"னு விக்கிறவன்கிட்ட அப்ரூவல் காகிதத்தைக் கண்ணால பார்க்காம அட்வான்ஸ் குடுக்காதீங்க. அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவுகளைப் பதியக் கூடாதுன்னு உயர்நீதிமன்றம் 2016-ல போட்ட போடுல மாட்டிக்கிட்டவங்க எத்தனையோ பேர். அப்புறம் பவர் பத்திரம். இந்தியத் தூதரகத்துல கையெழுத்துப் போட்டு அனுப்பினா மட்டும் போதாது, ஊருக்கு வந்து சேர்ந்த மூணு மாசத்துக்குள்ள முத்திரைத்தீர்வை கட்டியாகணும். விக்கும் போதும் ஒரு இடி இருக்கு. 2024 ஜூலை 23-க்கு முன்னால வாங்கின சொத்துக்கு, பணவீக்கத்தைக் கழிச்சுட்டு 20 சதவீதம் வரி கட்டலாமா, கழிக்காம 12.5 சதவீதம் கட்டலாமான்னு உள்ளூர்க்காரனுக்குத் தேர்ந்தெடுக்க வசதி குடுத்தாங்க. வெளிநாட்டுல இருக்கிறவனுக்கு அந்த வசதி கிடையாது, 12.5 மட்டும்தான். 2025 செப்டம்பர்ல சிமெண்ட் மேல இருந்த ஜி.எஸ்.டி.யை 28-ல இருந்து 18 ஆக்கினாங்க, அது ஒரு ஆறுதல்.

கடன் கணக்குக்கு வருவோம். இந்தத் தம்பி 30 லட்சம் பேங்குல கடன் கேட்டிருக்கான். எட்டரை வட்டி, 15 வருஷம். மாசத் தவணை 29,500 சொச்சம். பதினஞ்சு வருஷம் கட்டி முடிக்கும்போது 53 லட்சம் கட்டியிருப்பான், அதாவது 23 லட்சம் வட்டி மட்டும். 2025-ல ரியால் 24 ரூபாய் பக்கம் இருந்தது, அதனால மாசம் 1,230 ரியால்தானேன்னு அவனுக்குச் சுலபமாத் தெரியுது. ரூபாய் விழ விழ நமக்கு லாபம்னு ஒரு நம்பிக்கை வளைகுடா முழுக்க இருக்கு. 2008 தொடக்கத்துல டாலர் 40 ரூபாய்க்குக் கீழ இருந்தது, அப்போ இதே ரியால் பதினோரு ரூபாய் கூட வரலை. ரியால் ரெண்டு மடங்குக்கு மேல ஆச்சு, வாஸ்தவம்தான். கொத்தனார் கூலியும் ஜல்லி விலையும் அப்போ இருந்த இடத்துலயா நிக்குது?

அவனுக்கு இப்போ வயசு 38. கூட்டிப் பாருங்க, 53 வயசு வரைக்கும் தோஹாவை விட்டு நகர முடியாது. வீட்டுக்குக் குடுக்கிற விலையில இதுதான் பெரிய ஐட்டம், எந்த எஸ்டிமேட்டுலயும் இது வராது. "ரெண்டு வருஷம் இருந்துட்டு வந்துருவேன்"னு போனவன் எல்லாம் வீடு கட்ட ஆரம்பிச்ச அன்னைக்கே அந்தத் தேதியை ரப்பர் வச்சு அழிச்சுடுறான். அந்த வீட்டுல அவன் வருஷத்துக்கு முப்பது நாள் படுப்பான். அந்த முப்பது நாள்லயும் பாதி கல்யாணம், காதுகுத்துன்னு வெளியில போயிரும்.

முதலீடுன்னு மட்டும் யாரும் சொல்லாதீங்க, கெட்ட கோவம் வரும். கயத்தாறுல 56 லட்சத்துக்குக் கட்டின வீட்டை வாடகைக்கு விட்டா ஏழாயிரம் தேறினா அதிசயம். விக்கப் போனா அந்த விலைக்கு வாங்க ஆளு இருக்காது, ஏன்னா அந்தக் காசு வச்சிருக்கிறவன் அவனே ஒண்ணு கட்டிக்குவான்.

"எல்லாம் சரி அண்ணாச்சி, பெறகு ஏன் கட்டுறாங்க, எல்லாருக்கும் கிறுக்கா"ன்னு கேப்பீங்க. இல்லை. இந்தக் கேள்விக்கு மட்டும் நான் கேலி பண்ண மாட்டேன். பதினஞ்சு பேரோட ஒரு ரூம்ல, அடுக்குக் கட்டில்ல கிடந்து சம்பாதிக்கிறவன், இங்க துபாய்ல சொந்தமா வாங்கலாமா? குறிப்பிட்ட சில பகுதிகள்ல வெளிநாட்டுக்காரன் வாங்கலாம்னு 2006-ல சட்டமே போட்டாங்க. மெக்கானிக் சம்பளத்துக்கு அங்க கக்கூஸ் கதவு கூட வராது. அவன் இருக்கிறான்னு ஊருக்குத் தெரியுறதே அந்த வீட்டாலதான். தங்கச்சியைப் பொண்ணு பார்க்க வர்றவங்க ஜாதகத்தைப் பார்க்கிறதுக்கு முன்னால வீட்டை ஒரு பார்வை பார்க்கிறாங்க. ஒரு காலத்துல எந்தத் தெருவுக்குள்ள செருப்புப் போட்டு நடக்க முடியாதோ, அதே ஊர்ல ரெண்டு மாடி எழுப்பி நிக்கிறவங்களும் இருக்காங்க. அவங்ககிட்ட போய் "எலிவேஷன் வீண் செலவு"ன்னு சொல்ல எனக்கு வாய் வராது. அந்த முகப்பு அவங்களுக்கு வெறும் சிமெண்ட் இல்லை.

அதனாலதான் இன்னும் வயிறு எரியுது. அவ்வளவு மானத்தை ஏத்தி வச்ச வீடு, அஞ்சாவது வருஷம் கீறல் விட்டு நின்னா? 2023 டிசம்பர் 17, 18-ல தென்மாவட்டங்கள்ல கொட்டின மழை ஞாபகம் இருக்கும், காயல்பட்டினத்துல மட்டும் ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கிட்ட பேஞ்சது. எங்க பக்கமும் கரிசல் வயிறு முட்டத் தண்ணி குடிச்சது. அடுத்து வந்த கோடையில ஊருக்குப் போயிருந்தப்போ பார்த்தேன். பால் காய்ச்சி ரெண்டு வருஷம் ஆகாத வீட்டுல, ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுச் சுவர்ல அஞ்சு ரூபாய் நாணயம் சொருகலாம். டைல்ஸ் நடுவுல கூடாரம் மாதிரி எழும்பி நிக்குது. அந்த அம்மா அது மேல ஒரு மிதியடியைப் போட்டு மூடி வச்சிருந்தாங்க. "பையன்கிட்ட சொல்லலை தம்பி, அங்க கிடந்து மனசைப் போட்டு உழப்பிக்குவான்"னாங்க. வெளியில எலிவேஷன் மட்டும் நட்டுக்குத்தா, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிக்குது.

வெளிநாட்டுக் காசுல வீடு கட்டுறதுல நமக்கெல்லாம் தாத்தா செட்டிநாடு. பர்மாவுல வட்டிக்கடை வச்சவங்க, பர்மா தேக்கும் இத்தாலி மார்பிளுமா காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் அரண்மனை மாதிரி எழுப்பினாங்க. 1930-கள்ல நெல்லு விலை சரிஞ்சு, கடன்பட்ட விவசாயிங்க நிலம் எல்லாம் கைமாறி, கீழ் பர்மா நெல் நிலத்துல கிட்டத்தட்ட நாலுல ஒரு பங்கு அவங்க பேர்ல இருந்தது. 1942-ல ஜப்பான்காரன் உள்ள வந்தான், சுதந்திரம் வாங்கின பர்மா 1948-ல நில நாட்டுடைமைச் சட்டம் போட்டது, போச்சு. வீடு மட்டும் இங்க நின்னது. அதுவும் இன்னைக்கு ஒரு வீட்டுக்கு முப்பது நாப்பது பங்காளி. ஓடு மாத்தணும்னா அத்தனை பேரும் ஒத்துக்கணும். சிலது ஹோட்டல் ஆச்சு, சிலதைப் பிரிச்சு தூணையும் கதவையும் காரைக்குடி பழைய சாமான் கடையில வித்தாங்க. பக்கத்துல கேரளாவைப் பாருங்க, 2011 சென்சஸ்ல பத்துல ஒரு வீட்டுக்கு மேல காலி. 2023 பட்ஜெட்ல பூட்டிக் கிடக்கிற வீட்டுக்குத் தனி வரி போடலாமான்னு பேச்செடுத்து, எதிர்ப்பு வந்ததும் விட்டுட்டாங்க.

அந்தத் தம்பிக்கு நான் சொன்னது இதுதான். 1,800 வேண்டாம், கீழ 1,100 கட்டு. கடன் பாதியாக் குறையும், தவணை எட்டு வருஷத்துல முடியும். பைலை மட்டும் பின்னால மாடி ஏத்துற கணக்குக்குப் போட்டு வை. மாடியை எப்போ ஊரோட வந்து உக்காருறியோ அன்னைக்குக் கட்டிக்கோ. வீட்டைச் சுத்தி ஆறடிக்கு சிமெண்ட் தளம் போட்டு மழைத் தண்ணியைத் தள்ளி விடு, செப்டிக் டேங்கை அஸ்திவாரத்துக்கு ஒட்டி வைக்காத. வருஷ லீவை கிரகப்பிரவேசத்துக்குன்னு சேர்த்து வைக்காம, பைல் போடுற பத்து நாளைக்கு எடுத்துக்கிட்டு வந்து குழிக்குப் பக்கத்துல சேர் போட்டு உக்காரு. விருந்து சாப்பிட உன்னைத் தவிர நூறு பேர் இருக்காங்க, குழியைப் பார்க்க நீ மட்டும்தான்.

எல்லாத்துக்கும் சரின்னான். மண்ணைக் கூடச் சோதிக்கக் குடுத்துட்டான், ஜாடியில மண்ணு நல்லாவே ஊதியிருக்கு. எலிவேஷன் விசயம் மட்டும் இழுத்துக்கிட்டு கிடக்கு. போன வாரம் அவங்க அம்மாவே போன் போட்டாங்க.

"அண்ணாச்சி, நீங்க சொல்றது எல்லாம் சரிதான். ஆனா எதுத்த வீட்டுக்காரன் முகப்புல ரெண்டு மயில் வச்சிருக்கானே, அதுக்கு என்ன சொல்லுதீக?"

இன்னும் பதில் சொல்லலை.